முக்காலியும் கவ்வியும்

நம் கல்லூரி நூலகத்துச் சுவரிலே வரிசையாய்த் தொங்கும் வகுப்புப் படங்களின் முன் நின்று தம் முகத்தைத் தேடாத பழைய மாணவர் இலர். தலை நரைத்தோரும், கடல் கடந்து வாழ்ந்து இரண்டு வார விடுமுறையில் வந்தோரும் அங்கே சென்று, மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாமவன் தாமே என்று தம் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்வதை யாம் பன்முறை கண்டுள்ளோம். அப்படங்களை எடுத்தவர் யார், எவ்வாறு எடுத்தார் என்று வினவுவோர் மிகச் சிலர். அச்சிலருக்காகவும், நிழற்படக் கலையிற் கைவைக்க எண்ணும் இன்றைய மாணவருக்காகவும், இதுகாறும் எவரிடமும் கூறாத எம் குற்றமொன்றை ஒப்புக்கொள்ளுதற்பொருட்டும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எமக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியரே அப்படங்களை எடுத்தவர். அன்னாரின் பெயரை ஈண்டு எழுதமாட்டோம். தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருபோதும் விரும்பியவரல்லர். அக்காலத்து மாணவருக்குப் பெயர் கூறாமலே விளங்கும். தேயிலைத் தோட்டமொன்றை விட்டுத் தாயகம் திரும்பிய ஆங்கிலத் துரை ஒருவரிடம் அவர் விலைக்கு வாங்கிய றொலிபிளெக்ஸ் கமரா ஒன்று அவரிடம் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள். மேலிருந்து குனிந்து நோக்கினால் தேய்த்த கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தோன்றும். 120 என்னும் இலக்கமுடைய படச்சுருள் ஒன்றில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். 1901ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனம் வெளியிட்ட அச்சுருள் இன்றும் செய்யப்படுகின்றது என்பதை இளைஞர் அறிந்தால் வியப்பர். அதன் ஒரு சதுரம், சாதாரணச் சிறு படச்சுருளின் ஒரு படத்தைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு பரப்புடையது. நாற்பது மாணவர் நிற்கும் படத்தில் நாற்பதாமவனின் கண்ணிமையும் தெளிவாய்த் தெரிவதன் இரகசியம் அதுவே.

ஆனால் கமரா அசைந்தால் அப்பரப்பினால் யாதொரு பயனும் இல்லை. ஆகவே ஆசிரியர் மரத்தாலான முக்காலி ஒன்றையும் சுமந்து வருவார். வேப்பமர நிழலில் அதனை ஊன்றி, கமராவை அதன் தலையில் வைத்து, அடியிலுள்ள திருகாணியை மெதுவாக முறுக்குவார். அதன் பின்னும் கமராவின் தோல்வாரைத் தம் கழுத்திலிருந்து அவர் எடுப்பதில்லை. முக்காலியோடு கட்டுண்டவர்போல் கூனிக் குனிந்து நின்றபடியே வரிசைகளை ஒழுங்கு செய்வார். நுகத்திற் பூட்டிய காளையை ஒத்த அத்தோற்றத்தைக் கண்டு நாம் எல்லாரும் சிரிப்போம். 'நுகத்தடி வாத்தியார்' என்று அவருக்குப் பெயரிட்ட பாவம் எம் வகுப்பையே சாரும். அது 1967ஆம் ஆண்டு. அவர் அப்பெயரை அறிந்திருந்தார். அறிந்தும் ஒரு நாளேனும் எம்மைக் கடிந்தாரில்லை. கமராவின் அடியை இரு விரலால் பற்றி ஒருமுறை மேல்நோக்கி இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை பக்கவாட்டில் திருகிப் பார்ப்பார். அதன் பின்னரே வாரைக் கழற்றிக் கையிற் சுற்றிக்கொள்வார். இவ்வளவும் எதற்கு என்று எமக்கு அன்று விளங்கவில்லை.

காலம் சென்றது. யாம் நில அளவைத் தொழிலிற் சேர்ந்து முப்பதாண்டுக்கு மேல் தியோடலைற்றுக் கருவியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மலைநாடெங்கும் திரிந்தோம். 2011ஆம் ஆண்டில் ஆசிரியர் தம் தொண்ணூறாம் வயதில் காலமானார். முப்பத்தோராம் நாட் கிரியைகள் முடிந்தபின் அவர் மகள் எம்மை அழைத்து, பழைய தகரப் பெட்டி ஒன்றை எம் கையிற் கொடுத்தார். "ஐயா இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னார்கள். முக்காலி தூக்கிப் பழகியவன், அவன் பத்திரமாக வைத்திருப்பான் என்றார்கள்" என்று கூறினார். உள்ளே அதே றொலிபிளெக்ஸ். அதனருகில் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்த சிறு துணிப்பை. கண்டியின் ஈரக்காற்றில் வில்லையிற் பூஞ்சணம் படராமல் நாற்பது ஆண்டு காத்தது அப்பையும் அவர் பொறுமையுமே.

கண்டிக்கும் கமராவுக்கும் உள்ள உறவு பழையது. ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் 1860களிலேயே இந்நகரில் நிழற்படக் கூடம் வைத்திருந்தார். 1870, 1871ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா முதலிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தவர் அவரே. அவருக்குப்பின் சார்ள்ஸ் ஸ்கோவென் இங்கே கூடம் நடத்தினார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அது உலருமுன்பே படமெடுத்துக் கழுவவேண்டும். இருட்டறையையும் கூடாரமாகச் சுமந்து செல்லவேண்டும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் கண்டிச் சிற்பிகளின் கைத்திறனைப்பற்றி எழுதி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் உள்ள நிழற்படங்கள் அவர் துணைவியார் எதெல் அம்மையார் எடுத்தவை. இவர்களுக்கெல்லாம் அவசரம் என்பது இல்லை. முக்காலியில் ஒருமுறை பொருத்திய கமராவை ஒரு பொழுது முழுதும் எடுக்காமலே வேலை செய்தனர்.

எமக்கோ அவசரம் இருந்தது. றொலிபிளெக்ஸிலே பன்னிரண்டு படம் முடிந்ததும் புதுச் சுருள் இடுவதற்குப் பின்மூடியைத் திறக்கவேண்டும். அம்மூடியின் தாழோ கமராவின் அடியில் இருக்கின்றது. முக்காலித் தலையில் கமரா உட்கார்ந்திருக்கும்வரை தாழைத் தொட இயலாது. ஆகவே பன்னிரண்டு படத்துக்கு ஒருமுறை திருகாணியைக் கழற்றிக் கமராவைத் தூக்குதல், சுருள் மாற்றுதல், மறுபடி திருகுதல் என்னும் வேலை உண்டு. கண்டியிலே விடியற்காலை மூடுபனி வாவியின் மேலிருந்து எழுந்து மலையைத் தொட்டுக் கலையும் நேரம் சிறிது. திருகாணியைக் கழற்றி முறுக்குமுன் பனி போய்விடும். மழைநாளில் புல்வெளியில் நிற்போமாயின் அட்டைகள் காலில் ஏறும். குனிந்து அவற்றைத் தட்டுவதா, திருகாணியை முறுக்குவதா என்ற நிலை. இக்காரணங்களால், கடைக்காரர் 'குயிக் றிலீஸ்' என்று கூறும் பொருத்து ஒன்றை வாங்கினோம். கமராவின் அடியிலே ஒரு தகடு நிலையாக இருக்கும். முக்காலித் தலையிலே ஒரு கவ்வி இருக்கும். தகட்டைக் கவ்வியில் இட்டு நெம்பை மடக்கினால் ஒரு நொடியிற் பற்றிக்கொள்ளும். நெம்பை விரித்தால் விட்டுவிடும். 'விரைவாகப் பற்றுவது விரைவாக விடவும் கூடும்' என்ற உண்மை அப்போது எம் புத்தியில் உறைக்கவில்லை.

இனி எம் குற்றத்தைக் கூறுவோம்.

2014ஆம் ஆண்டில் நம் கல்லூரியின் பழைய மண்டபத்தை இடித்துப் புதிது கட்டுவதென்று தீர்மானமாயிற்று. இடிக்குமுன் அதனை உள்ளும் புறமும் படமெடுத்துத் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டனர். ஆசிரியரின் கமராவாலேயே எடுப்பதென்று யாம் உறுதிகொண்டோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சென்று மண்டபத்தின் முகப்பை முதலில் எடுத்தோம்; பின் பக்கத்துத் தாழ்வாரம்; பின் உள்ளே சென்று மேடையையும், சரசுவதி பூசைக்குக் கும்பம் வைக்கும் மூலையையும், மாணவர் தம் பெயர்களைக் கத்தியாற் செதுக்கிய வாங்குகளையும் எடுத்தோம். உள்ளே ஒளி குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் பல விநாடி நேரம் வேண்டியிருந்தது. ஏழு படங்கள் ஆயின. சுருளில் ஐந்து எஞ்சியிருந்தன. அவற்றை வீணாக்காமல் மறுநாட் காலை ஹந்தானை மலையில் பனியை எடுப்போம் என்று எண்ணினோம். சிக்கனம் என்று நினைத்தது பேராசையாய் முடிந்தது.

மறுநாள் விடியுமுன் பேரனையும் அழைத்துக்கொண்டு ஹந்தானைச் சரிவில் ஏறினோம். கீழே கண்டி நகர்; கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அமைத்த வாவியின்மேல் வெண்பனி பஞ்சுபோல் கிடந்தது. முக்காலியை ஊன்றி, தகட்டைக் கவ்வியில் இட்டு, நெம்பை மடக்கி, வாரைக் கழுத்திலிருந்து கழற்றினோம். இரண்டு படம் எடுத்தோம். பனி தாழ்ந்து செல்லவே, கமராவை முன்னோக்கிச் சாய்த்து வாவியை நோக்கச் செய்தோம். பின்னே திரும்பி ஒளிமானியை எடுத்தோம். பேரன் "தாத்தா!" என்று கத்தினான். திரும்பியபோது கவ்வியில் கமரா இல்லை. தகட்டோடு வழுக்கி முன்னே இறங்கி, புல்லில் மோதிப் புரண்டு, பாறை ஒன்றில் அடிமூலை படக் கிடந்தது. தாழ் திறந்து பின்மூடி வாயைப் பிளந்திருந்தது. வெயில் நேரே சுருளின்மேல் விழுந்தது.

பாய்ந்து மூடினோம். மூடி என்ன பயன்? அச்சுருளைக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவி வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. எடுத்த படங்கள் உருளையிற் சுற்றப்படும்போது முதற்படமே உள்ளே அடங்கும். பின் எடுத்தவை அதன்மேல் வரும். ஆகவே மண்டபத்தின் முகப்புப் படம் ஒன்று மட்டும், ஓரத்திலே ஒளி கசிந்தும் பிழைத்தது. தாழ்வாரம் பாதி பிழைத்தது. மேடையும், கும்ப மூலையும், பெயர் செதுக்கிய வாங்குகளும் கருமையில் மூழ்கின. படம் வந்த நாளில் மண்டபத்தின் கூரை இறக்கப்பட்டிருந்தது, வாங்குகள் விறகாயின.

சங்கத்தார் கேட்டபோது, "உள்ளே ஒளி போதாமையால் படங்கள் சரியாக விழவில்லை" என்று கூறினோம். அது பொய். உள்ளே இருந்த ஒளி போதியதே. எம் கவனமே போதாதது. இத்தனை ஆண்டாக அப்பொய்யைச் சுமந்து வந்தோம். முப்பதாண்டாக இளம் அளவையாளருக்குத் "திருகாணி இறுகும்வரை கருவியிலிருந்து கையை எடாதே" என்று போதித்த நாவினாலேயே அதனைக் கூறினோம் என்பதை எண்ணும்போது இன்றும் நாணுகின்றோம்.

கமராவைக் கொழும்பிலே முதியவர் ஒருவர் பழுதுபார்த்தார். வில்லைப் பலகை ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. அதனை நேராக்கித் தந்தார். அடிமூலையில் ஏற்பட்ட நெளிவை நீக்க வேண்டாம் என்று யாமே கூறினோம். அது எமக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்று விட்டோம்.

பின்னர் அக்கவ்வி ஏன் விட்டது என்று ஆராய்ந்தோம். கவ்வி ஒருவர் செய்தது; தகடு மற்றொருவர் செய்தது. கடையிற் குற்றமில்லை, இரண்டையும் வெவ்வேறிடத்தில் வாங்கி இணைத்தது யாமே. இவ்வகைத் தகட்டின் ஓரங்கள் மேசை இலாச்சியின் மூலையிலே தச்சர் வெட்டும் புறாவால் பொருத்துப்போல் சாய்ந்திருக்கும். ஆர்க்கா சுவிஸ் என்னும் நிறுவனம் தன் முக்காலித் தலைக்காக முதலிற் கையாண்ட வடிவம் இது. அகலம் ஏறக்குறைய 38 மில்லிமீற்றர். பின்னர் உலகெங்கும் பலர் அதனைப் பின்பற்றினர். பின்பற்றியோர் எல்லாரும் ஒரே அளவுகோலால் அளந்தாரல்லர். அரை மில்லிமீற்றர் கூடுதலும் குறைதலும் உண்டு. நெம்புக்கவ்வி தன் உடன்பிறந்த தகட்டின் அகலத்துக்கே சரிசெய்யப்பட்டது. சற்றே ஒடுங்கிய தகட்டை இட்டு நெம்பை மடக்கினால், நெம்பு என்னவோ முழுதும் மடங்கும், பற்றுதான் முழுதாகாது. கண்ணுக்குப் பூட்டியதுபோல் தோன்றும், உண்மையிற் பூட்டியதன்று. இதனினும் கொடிது ஒன்று உளது. தகட்டின் இரு முனையிலும் வழுக்காமல் தடுக்கும் சிறு ஆணிகள் இருந்தன. பக்கத்தால் தகட்டை நுழைக்கத் தடையாய் இருக்கின்றனவென்று அவற்றை யாமே கழற்றி எறிந்திருந்தோம்.

அதன்பின் அவசரப்படாமல் ஆய்ந்து தெரிவுசெய்ய முற்பட்டோம். கண்டறிந்தவற்றை மாணவருக்குப் பயன்படும் எனக் கருதி ஈண்டு தருகின்றோம்.

முதலாவது, திருகாணியின் அளவை அறியவேண்டும். கமராவின் அடியிலுள்ள புரி இருவகைத்து: 1/4 அங்குலமும் 3/8 அங்குலமும். பழைய ஐரோப்பியக் கமராக்கள் பலவற்றிற் பெரிய புரியும், அதனுள்ளே சிறியதற்குக் குறைக்கும் உறையும் காணப்படும். நில அளவை முக்காலியின் திருகாணியோ 5/8 அங்குலம். அதில் கமராவை ஏற்ற முயன்று தோற்றவர் எம் தோழரிற் சிலர். கனமான கமராவுக்கு 3/8 அங்குலமே சிறந்தது.

இரண்டாவது, கமராவின் இயல்பை அறியவேண்டும். றொலிபிளெக்ஸ் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ நிறையுடையது. அதன் அடி மெல்லியது. அகன்ற தகட்டை அதில் வைத்து மிகையாகத் திருகினால் அடி நெளியும். நெளிந்தால் சுருள் இருக்கும் தளமும் பிழைபடும். இதனை உணர்ந்தே அதனைச் செய்த பிறாங்கே – ஹைடெக்கே நிறுவனத்தார் 'றொலிபிக்ஸ்' என்னும் தனிப் பொருத்தைச் செய்தனர். கமராவுக்குள் திருகாணி ஏறாமலே அது அடியைப் பற்றிக்கொள்ளும். சுவீடன் நாட்டு ஹசல்பிளாட் கமராவிலோ அடியிலேயே காடியமைந்த பாதம் உண்டு. அது அந்நிறுவனத்தாரின் கவ்வியிற் சறுக்கி நுழைந்து பூட்டிக்கொள்ளும். சுருள் இருக்கும் பெட்டி தனியே கழலுவதால், சுருள் மாற்றுதற்பொருட்டு அதனை முக்காலியிலிருந்து இறக்கவும் வேண்டுவதில்லை. மாமியா ஆர்பி 67 போன்ற கமராக்கள் இரண்டரைக் கிலோவுக்கு மேற்பட்டவை. அவற்றுக்குச் சிறு தகடு ஆகாது. இத்தாலி நாட்டு மன்புறோட்டோ நிறுவனத்தாரின் அறுகோணத் தகடுபோல் அகன்ற ஆசனம் வேண்டும். ஆனால் அத்தகடு அவர்தம் கவ்வியிலன்றிப் பிறர் கவ்வியிற் சேராது என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாவது, படத்தின் வடிவை எண்ணவேண்டும். சதுரப் படமாயின் கமராவைப் பக்கவாட்டிற் சரிக்கும் தேவையே இல்லை. மாமியா ஆர்பி 67இன் பின்புறம் தானே சுழலும், அதற்கும் இல்லை. ஆறுக்கு நாலரைச் சென்ரிமீற்றர் படமெடுக்கும் சில கமராக்களை நெட்டுவாக்கிற் சரிக்கவேண்டும். அப்போது முழு நிறையும் ஒரு திருகாணியின்மேல் பக்கமாகத் தொங்கிக் கமராவைத் திருப்பிவிட முயலும். அத்தகையோர் இரு பக்கமும் பற்றுமாறு மடங்கிய தகட்டை நாடுதல் நலம். எமக்கு அது வேண்டாத சுமை.

நான்காவது, மெத்தையை நம்பலாகாது. தகட்டின்மேல் ஒட்டிய இறப்பரும் தக்கையும் கமராவைக் கீறாமற் காக்கும்; ஆனால் அமுங்கும். அமுங்குவது அசையும். அன்றியும் எம் ஊர் ஈரத்தில் இரண்டு மாரி கழியுமுன் பசை இளகி விடும். இதனைச் சோதிக்க எளிய முறை ஒன்றைக் கையாண்டோம். தகட்டின்மேல் சிறு கண்ணாடித்துண்டு ஒன்றைப் பொருத்தி, சன்னல் வழியே வரும் வெயில் அதிற் பட்டு எதிர்ச் சுவரில் விழுமாறு செய்தோம். பின் முக்காலியை விரலால் மெதுவாகத் தட்டினோம். சுவரில் விழுந்த ஒளிப்பொட்டு நடுங்கும். எத்தனை நேரத்தில் அடங்குகின்றது, பழைய இடத்துக்கே மீளுகின்றதா என்று நோக்கினோம். இறப்பர்த் தகட்டில் அப்பொட்டு நெடுநேரம் நடுங்கி, சில வேளை வேறிடத்தில் நின்றது. உலோகத்தின்மேல் உலோகம் இருந்தபோது விரைவில் அடங்கியது. காலும் தலையும் உறுதியற்ற முக்காலியிலோ எந்தக் கவ்வியும் நடுக்கத்தைத் தடுக்கவில்லை. ஆகவே பணத்தை முதலிற் காலுக்கும் தலைக்கும் செலவிடுக, பின்னரே கவ்விக்கு.

ஐந்தாவது, நெம்பா, திருகுமரையா என்ற வினா. நெம்பு விரைவானது, ஆனால் அகலம் மாறினால் ஏமாற்றும். கைத்திருகு சற்றுத் தாமதம்; ஆனால் ஒடுங்கிய தகட்டையும் அகன்ற தகட்டையும் அததன் அளவுக்கேற்ப இறுகப் பற்றும். இறுகியது என்பதை விரலே அறியும். ஒரே ஆலையார் செய்த கவ்வியும் தகடும் உடையோர் நெம்பைக் கொள்ளலாம். பல கமரா, பல தகடு உடையோர் திருகையே கொள்க.

இவ்வாறு ஆய்ந்து, பழைய றொலிபிக்ஸ் ஒன்றைத் தேடிப் பெற்று, அதன் அடியிலே முனைத் தடையாணிகளோடு கூடிய புறாவால் தகட்டை நிலையாக முறுக்கி, கைத்திருகுக் கவ்வியில் வைத்தோம். அடி நெளியாது, சுருள் மாற்றக் கமரா மட்டும் விரைந்து கழலும், தகடு தற்செயலாகத் தளர்ந்தாலும் தடையாணி தாங்கும். விரைவு வேண்டிய இடத்தில் விரைவும், உறுதி வேண்டிய இடத்தில் உறுதியும் கிடைத்தன.

இதனை முதன்முதல் கொண்டுசென்ற இடம் எம்பெக்கே. கண்டிக்கு மேற்கே உள்ள கிராமப்புறத்தில் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்னும் மூன்று தலங்கள் அண்மையில் உள்ளன. 1344ஆம் ஆண்டில் எழுந்த கடலாதெனிய விகாரத்தைக் கருங்கல்லிற் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி. தென்னாட்டுச் சிற்பமுறை அதில் விளங்கித் தோன்றும். லங்காதிலகத்துப் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் உண்டு. எம்பெக்கே தேவாலயமோ கதிர்காமக் கடவுளுக்குரியது; அதன் முரசு மண்டபத்து மரத்தூண்களிலே மல்லர், ஆடல்மகள், இருதலைப் பறவை, குழவியை ஏந்திய தாய் முதலிய உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன.

நம் கல்லூரி மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றோம். எல்லாரும் தூண்களைக் கண்டு வியந்தபோது, யாம் அவர்களைக் கூரையின் ஒரு முனையை அண்ணாந்து பார்க்கச் செய்தோம். அங்கே 26 கைமரங்கள் சரிந்து வந்து ஒரே இடத்திற் கூடுகின்றன. அத்தனையையும் ஒரே மர ஆப்பு கவ்வி நிற்கின்றது. சிங்கள மக்கள் அதனை 'மடோல் குருப்பாவ' என்பர். கூரையின் பாரம் முழுதும் இறங்கி வந்து அவ்வாப்பிலே தங்குகின்றது. பாரம் எத்திசையில் இழுக்கும் என்று முன்னறிந்து அமைத்தவன் தச்சன். யாமோ ஹந்தானையில், பாரம் எத்திசையில் இழுக்குமோ அத்திசையிலேயே வழியைத் திறந்து வைத்தோம். கமராவை முன்சாய்த்தோம், தகடும் முன்பின்னாகவே கிடந்தது, தடையாணியும் இல்லை. தச்சனுக்கு இருந்த அறிவு அளவையாளனுக்கு இல்லாமற் போயிற்று. அவ்விடத்திலேயே, அம்மாணவர் முன்னிலையில், மண்டபப் படங்களின் உண்மைக் கதையை முதன்முறையாகக் கூறினோம். அவர்கள் நகைக்கவில்லை. ஒரு மாணவன் மட்டும், "அந்த முகப்புப் படம் இன்னும் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டான். இருக்கின்றது என்றோம். அதுவே இம்மலருக்காக யாம் ஆசிரியர் குழுவிடம் ஒப்படைத்த படம். அதன் வலதோரத்திற் காணும் வெள்ளைக் கீற்று விடியற்காலை வெயிலன்று. எம் கவனக்குறைவின் கீற்று.

இவ்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவரும், ஆசிரியரும், உயர்வகுப்பு மாணவரும் ஒருங்கு நின்ற பெரும் படத்தை எடுக்குமாறு எம்மைப் பணித்தனர். அதே வேப்பமர நிழல். அதே றொலிபிளெக்ஸ். தகட்டைக் கவ்வியிலிட்டுத் திருகினோம். கமராவின் அடியை இரு விரலாற் பற்றி மேலே இழுத்தோம், பக்கவாட்டில் திருகினோம். வார் எம் கழுத்திலேயே இருந்தது. முதுகு வளைந்து, கூனிக் குனிந்து நின்றபடியே வரிசைகளை ஒழுங்கு செய்தோம். பின்வரிசையிற் சில சிறுவர் தம்முள் ஏதோ கூறிச் சிரித்தனர். என்ன பெயர் சூட்டினர் என்று யாம் கேட்கவில்லை. எப்பெயராயினும் அது எமக்குத் தகும். எம் ஆசிரியருக்குத் தந்த பெயரின் வட்டியும் முதலும் அதுவே.

படம் எடுத்து முடிந்ததும், எம்பெக்கேயில் எம்மை வினவிய அம்மாணவனை அழைத்துக் கமராவையும், றொலிபிக்ஸையும், கவ்வியையும், ஈரம் உறிஞ்சும் மணிப்பையையும் தகரப் பெட்டியோடு அவன் கையிற் கொடுத்து, கல்லூரி நிழற்படக் கழகத்துக்கு உரிமையாக்கினோம். எமக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது, கை நடுங்குகின்றது. நடுங்கும் கையினின்று உறுதியான கைக்குப் பொருள் மாறுவதே முறை. ஆசிரியரின் மகளுக்கும் அறிவித்தோம். "ஐயா இருந்தால் இதையே செய்திருப்பார்கள்" என்று அவர் கூறியது எமக்குப் பெரும் ஆறுதல்.

மாணவ இளைஞரே, கவ்வி எவ்வகையினதாயினும் ஆகுக. விலை கூடியதாயினும் குறைந்ததாயினும் ஆகுக. பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்; ஒருமுறை திருகிப் பாருங்கள்; அதன் பின்னரே வாரைக் கழற்றுங்கள். உங்களைக் கண்டு எவரேனும் நகைத்தால் நகைக்கட்டும். நூலகச் சுவரிலே தொங்கும் அத்தனை படங்களும் அவ்வாறு நகைக்கப்பட்ட ஒருவர் எடுத்தவை. அவற்றில் ஒன்றேனும் பழுதுபட்டதில்லை.

வாழ்க நம் கல்லூரி.